தலைச்சோலையில் பரவிய எழுத்து

சர்ச்சில் பூசைப் பிரசங்கம் நடக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம். பக்தி என்று என் மாமியார் நினைத்துக்கொண்டிருக்கிறார், நானும் திருத்தவில்லை. உண்மையில், கண் திறந்திருந்தால் சுவரில் இருக்கிற ஒவ்வொரு பேனரையும் அறிவிப்பையும் படித்து, இடைவெளி சரியில்லை, இரண்டு வகை எழுத்தைக் கலந்துவிட்டார்கள் என்று மனசுக்குள் சண்டை போட ஆரம்பித்துவிடுவேன். ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு வெப்சைட் செய்வது என் பிழைப்பு. பிழைப்பு ஞாயிற்றுக்கிழமையும் விடாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு ஞாயிறு. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்கு வாழ்த்துச் சொல்லி பீடத்துக்குப் பக்கத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தார்கள். சாமியார் இருமுவதற்கு நிறுத்தியபோது கண்ணைத் திறந்தேன். பேனர் அழகாக இருந்தது. அதுதான் முதல் அதிர்ச்சி. எங்கள் ஊரில் பேனர் அழகாக இருக்காது. இரண்டாவது, அது எனக்குத் தெரிந்த எழுத்து. இந்த மலையில் அது ஒரே ஒரு வெப்சைட்டிலும் ஒரே ஒரு காப்பிப் பொட்டலத்திலும்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டவள் நான். அதற்குப் பிறகு சாமியார் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

எழுத்துருவுக்கு உரிமம் வாங்க வேண்டும் என்று சொன்னால் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சிரிப்பார்கள். ஒரு காட்டேஜ்காரர் நேராகவே கேட்டார், “ஏனுங்க, ‘அ’னா ஆரு அப்பன் ஊட்டுச் சொத்துங்க?” நியாயமான கேள்வி. ‘அ’ எல்லாருக்கும் சொந்தம். ஆனால் இந்த ‘அ’, இதன் சுழி இவ்வளவு அகலம், கால் இந்த இடத்தில் நிற்க வேண்டும், பக்கத்தில் ‘ம்’ வந்தால் இவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்று ஒருவர் மாதக்கணக்கில் வரைந்திருக்கிறாரே, அந்த வரைவு அவருடையது. அது ஒரு கோப்பாக நம் கைக்கு வருகிறது. நாம் வாங்குவது எழுத்தை அல்ல, அதைப் பயன்படுத்திக்கொள்ள ஓர் அனுமதியை.

அந்த அனுமதியும் ஒரே மாதிரி இருப்பதில்லை. காகிதத்தில் அச்சடித்தால் கோப்பு நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, மை மட்டும்தான் வெளியே போகிறது. வெப்சைட்டில் அப்படியில்லை. பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொருவருடைய போனுக்கும் அந்தக் கோப்பே போய்ச் சேர்ந்தால்தான் எழுத்து தெரியும். அதனால் வரைந்தவர் எந்த வெப்சைட், மாதம் ஏறக்குறைய எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று தனியாகக் கேட்பார். அச்சுக்கு வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு வெப்சைட்டில் ஏற்றினால் தப்பு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்ட நல்ல எழுத்துருக்களும் உண்டு. என் வேலை பாதிக்கு மேல் அவற்றில்தான் ஓடுகிறது. ‘இலவசம்’ என்று பெரிதாகப் போட்டு, சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று அடியில் பொடியாகப் போட்டவையும் உண்டு. அந்தப் பொடி வரியை யாரும் படிப்பதில்லை. நான் படிப்பேன். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் கடைசி வரி வரை போகிற ஒரே ஜீவன் இந்தச் சேர்வராயன் மலையில் நான்தான் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு திரிந்தேன்.

தலைச்சோலையில் ஏழு வீட்டுப் பெண்கள் சேர்ந்து தங்கள் காப்பியைத் தாங்களே வறுத்து, அரைத்து, தங்கள் பெயரிலேயே விற்க வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை மாதிரி ஓர் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இரண்டு ஏக்கர் காப்பி, நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏற்றிவிட்ட மிளகு. அவர் வீட்டு வாசலில் லேப்டாப்பை வைத்து ஒன்பது எழுத்துருக்களைக் காட்டினேன். அவற்றில் எட்டு இலவசம். ஏழு பேரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்கட்டுமே என்று நான் சேர்த்திருந்த ஒன்பதாவதைப் பிடித்துக்கொண்டார்கள். “இதுதானுங்க நல்லா சம்மணம் போட்டு உக்காந்திருக்குது” என்றார் அக்கா. எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. எங்கள் ரசனை ஒத்துப்போனதில் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

அதை வரைந்தவர் திருச்சியில் இருக்கிற ஒரு பெண். தனியாக, நான்கு வருஷம் வரைந்தது. போனில் பேசினேன். அவருடைய முதல் எழுத்துருவை ஓர் அச்சகத்துக்குக் கொடுத்தாராம். அங்கிருந்து அது எப்படியோ வெளியே போய், கொஞ்ச நாளில் ஊரெல்லாம் பேனரில் தொங்கியதாம். அதன் பிறகு அதைக் காசு கொடுத்து வாங்க ஒருவரும் வரவில்லை. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

“இது ரெண்டாவது மேடம். இதுவும் அப்படிப் போச்சுன்னா வரையறதை விட்டுட்டு எங்கண்ணன் டிராவல்ஸ்ல போய் உக்காந்துடுவேன்” என்றார். குரலில் அழுகை எதுவும் இல்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னார். அது என்னை அதிகம் தொட்டது.

ஏழு பெண்கள் என்றதும் விலையைத் தாராளமாகக் குறைத்துக்கொண்டார். ஒரு வெப்சைட், ஒரு பொட்டலம், கோப்பு என் கையைத் தாண்டக் கூடாது. நான் ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டேன். வெப்சைட் வந்தது, பொட்டலம் வந்தது, காப்பியும் விற்க ஆரம்பித்தது. நான் செய்த வேலைகளிலேயே அழகானது அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

அந்த எழுத்து இப்போது பீடத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளை வாழ்த்திக்கொண்டிருந்தது.

பூசை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தலைச்சோலைக்குக் கிளம்பினேன். வழியில் செம்மநத்தம் பிரிவில் ஒரு காதுகுத்துப் பேனர், அதே எழுத்து. எதிரே வந்த ஜீப்பின் பின்கண்ணாடியில் ‘தாய் தந்தை ஆசி’, அதே எழுத்து. திட்ட வேண்டியதையெல்லாம் வளைவுக்கு வளைவு மனசில் கோத்துக்கொண்டே போனேன்.

அக்கா களத்தில் காப்பிப் பழத்தைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்.

“வாங்க மேடம். ஏனுங்க, மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்குது? காப்பி வெக்கட்டுங்களா?”

“காப்பியெல்லாம் வேண்டாங்க. அந்த எழுத்தை யாருக்காவது குடுத்தீங்களா?”

“குடுத்தனுங்களே. ஏன், இன்னும் ஆருக்காச்சும் வேணுமா?”

கோத்து வைத்ததெல்லாம் ஒரு நொடியில் அவிழ்ந்துவிட்டது. அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. பொட்டலத்தைப் பார்த்தவர்கள் எழுத்து நொம்ப நல்லா இருக்குது என்று கேட்டார்களாம், கொடுத்தாராம். கேட்டு வந்தவர்களை எப்படி வெறுங்கையோடு அனுப்புவது? “நாத்துக் கேட்டு வந்து இல்லைன்னு சொன்னா நம்ம செடி பட்டுப் போயிருமுங்க. கொய்யாக் கன்னோ, ஆரஞ்சுக் கன்னோ, கேட்டா குடுத்தர்றதுதான் எங்க வழக்கம்” என்றார். பிறகு கொஞ்சம் பெருமையோடு, “நீங்கதான் அனுப்புனீங்களே, அதுதான் என்ற போன்ல இருந்துச்சு” என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான்தான் அனுப்பினேன். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொட்டலம் அச்சுக்குப் போன அன்று கரண்ட் இல்லை. எழுத்தையெல்லாம் கர்வ் பண்ணி, அதாவது வெறும் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் ஆகும். லேப்டாப்பில் சார்ஜ் ஐந்து நிமிஷத்துக்கு இருந்தது. பொட்டலத்தின் வடிவத்தையும் எழுத்துருக் கோப்பையும் சேர்த்து அக்காவின் வாட்ஸப்புக்குத் தள்ளிவிட்டு, பிரிண்டருக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொன்னேன். கடைசி வரி வரை படிக்கிற மகாராணி செய்த காரியம் அது. களத்தின் விளிம்பில் உட்கார்ந்தேன். கோபப்பட வேறு ஆள் இல்லாமல் போனது பெரிய கஷ்டமாக இருந்தது.

காப்பி வந்தது. குடித்துக்கொண்டே கேட்டேன். “அக்கா, உங்க மரத்துல மிளகு பறிக்கக் குத்தகை எடுக்கிறாரே, அவர் ஒரு கொடியை வெட்டிட்டுப் போய் தன் தோட்டத்துல நட்டா என்ன பண்ணுவீங்க?”

“காலை ஒடிச்சிருவனுங்க.”

“நாத்துக் கேட்டா குடுப்பேன்னு சொன்னீங்க?”

“அது என்ற கொடி. கேட்டா நான் குடுப்பேன். அவன் எப்படிங்க குடுப்பான்? அவனுக்கு அந்த வருசத்துக் காயிதான்.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப… நாம குத்தகைக்காரங்களா?”

பெரிய கம்பெனி ஆட்களுக்கு ஒரு மணி நேரம் விளக்கியும் புரியாதது அவருக்கு ஒரு வாய்க் காப்பியில் புரிந்துவிட்டது. அந்தத் திருச்சிப் பெண்ணைப் பற்றியும், முதல் எழுத்துருவுக்கு நேர்ந்ததையும், அண்ணன் டிராவல்ஸையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போனது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூடி மறைத்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. மலைமேல் தொங்கும் நாலு பேனரைத் திருச்சிக்காரர் எங்கே பார்க்கப் போகிறார்? அடுத்த காற்றில் அவை கிழிந்துவிடும். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“உங்க பேச்சை நம்பித்தான குடுத்துச்சு அந்தப் புள்ள. போன் போடுங்க கண்ணு.”

அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர் கண்ணு என்றார். போட்டேன். நடந்ததைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். திருச்சிக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“எத்தனை பேர்கிட்ட இருக்கு மேடம்?”

“தெரியலைங்க.”

“போன தடவையும் இதே பதில்தான் சொன்னாங்க. சரி, பரவாயில்லைங்க.” வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அக்கா என்னைப் பார்த்து, “தெரியலைன்னு ஏன் சொன்னீங்க?” என்று அதட்டினார். “எனக்குத் தெரியுமே!”

விரல் விட்டு எண்ணிச் சொன்னார். மொத்தம் ஆறு பேர். நாற்று கொடுத்தால் யாருக்கு, எந்த மழைக்கு, எந்தச் செடியிலிருந்து என்று இவர்களுக்கு மறக்காது. எழுத்தையும் அந்தக் கணக்கிலேயே கொடுத்திருந்தார். வாங்கிய ஆறு பேரும் அதே மாதிரி மனுஷர்கள். அப்படியானால் அவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்த மூன்று நாள் நானும் அக்காவும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். இதைக் கஷ்டமான நாட்கள் என்று சொன்னால் பொய். காப்பி பறிப்புக் காலம், வெயில் இதமாக இருந்தது. போன வீட்டிலெல்லாம் சாப்பிடச் சொன்னார்கள். ஒரு வீட்டில் சாமைச் சோறும் அவரைக் குழம்பும், இன்னொரு வீட்டில் வாழைத்தார் ஒன்றைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துவிட்டார்கள். அக்கா ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடிப்பார்: “நான் தெரியாம குத்தகைக் கொடியை வெட்டிக் குடுத்துட்டனுங்க, திருப்பிக் குடுங்க.” உடனே போனை நீட்டுவார்கள். நான் அழிப்பேன். ஜீப்காரர் மட்டும் கண்ணாடியில் இருப்பதைச் சுரண்ட முடியாது என்று முறுக்கினார். அது ஸ்டிக்கர், இருந்துவிட்டுப் போகட்டும், கோப்புதான் வேண்டும் என்றதும் சரி என்றார். பதினான்கு போன்கள். பதினான்கிலும் அழித்தாயிற்று. அக்காவின் போனில் முதலிலேயே அழித்திருந்தோம்; பொட்டலம் அடித்த பிரிண்டரும் யாருக்கும் கொடுக்காமல் அழித்துவிட்டதாகப் போனில் சொன்னார். ஆனால் பதினான்கு பேரும் பேனருக்கோ ஸ்டிக்கருக்கோ கோப்பை அனுப்பியது ஒரே இடத்துக்கு, சேலத்தில் உள்ள ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்கு.

மலைமேல் கையிலிருந்து கைக்குப் போனதைப் பிடித்துவிடலாம். ஃப்ளெக்ஸ் கடைகளுக்குள் ஒரு கோப்பு புகுந்தால் நாலு நாளில் ஜில்லாவைத் தாண்டிவிடும். முதல் எழுத்துரு அப்படித்தான் போயிருக்க வேண்டும். அந்தக் கடை அதை ஒரே ஒரு ஆளுக்குக் கொடுத்திருந்தாலும் திருச்சிக்காரருடைய நாலு வருஷம் போனது போனதுதான்.

மறுநாள் சேலத்துக்குக் கிளம்பினோம். இரவு பெய்த மழையில் மெயின் ரோட்டில் மண் சரிந்திருந்ததால் பஸ் குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. அக்கா பட்டுச்சேலை கட்டி, மடியில் இரண்டு காப்பிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்.

கடை சின்னது. ஒரு பிரிண்டர், ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்த ஐம்பது வயதுக்காரர். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் கோணியது.

“எழுத்துக்கெல்லாம் ஆருங்க காசு குடுப்பா? எங்கிட்ட ஆயிரம் எழுத்து இருக்குது.”

“இருக்கட்டுங்க. இந்த ஒண்ணை வேற யாருக்காவது குடுத்திருக்கீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

“குடுக்கறதா?” அவருக்கு வந்ததே கோபம். “எதுக்குங்க குடுக்கணும்? பக்கத்துக் கடைக்காரன் காதுகுத்துப் பேனரைப் பாத்துட்டு மூணு தடவை வந்து கேட்டான். இல்லைன்னுட்டேன். திருடிருவான்னு பேரையும் மாத்தி வெச்சிருக்கறேன். எந்த ஃபோல்டர்ல இருக்குதுன்னு என்ற மச்சானுக்கே தெரியாது. அவனும் இந்தக் கடையிலதான் வேலை பாக்கறான்.”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்து அக்கா பரப்பியதை, ஒருத்தனுக்கும் கொடுக்காத இந்த மனுஷனின் கஞ்சத்தனம் காப்பாற்றி வைத்திருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அக்கா அவருடைய மேஜைமேல் ஒரு காப்பிப் பொட்டலத்தை வைத்து, “நீங்க நல்லா இருக்கணுஞ் சாமி” என்றார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அங்கிருந்தே திருச்சிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு, பதினான்கு போன், ஒரு கடை, அதோடு சரி, இதைத் தாண்டிப் போகவில்லை என்று சொன்னேன். திருச்சிக்காரர் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். அக்காவே பதினான்கு வீட்டையும் வரிசையாகச் சொன்னார். மறுபக்கம் ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

ஃப்ளெக்ஸ்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். “இந்த அம்மாவா இதைப் போட்டது?” என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். இருபது வருஷமாக ஆயிரம் எழுத்தோடு வாழ்கிறவர், எழுத்தை வரைந்த ஓர் ஆளோடு அதுவரை பேசியதில்லை போலிருக்கிறது. போன் பக்கம் குனிந்தார்.

“ஏனுங்கம்மா, வணக்கமுங்க. அழிக்கச் சொல்றாங்க. எனக்கு அழிக்க மனசு வரலைங்க. வெச்சுக்கறதுக்கு என்ன முறையோ அதைச் சொல்லுங்க, பண்ணிப்போடறேன். அப்புறம் ஒண்ணு, தப்பா நெனைக்கக் கூடாது. உங்க ‘ஞ’ இருக்குதுங்களே, அதைப் பத்தடிக்குப் பெருசு பண்ணுனா உள் சுழி போய்க் கொஞ்சம் முட்டுதுங்க. நான் ஒவ்வொரு பேனருக்கும் அதுல துளியூண்டு வெட்டி உட்டுத்தான் அடிக்கறேன்.”

போனை அவருக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

“அது எனக்குத் தெரியும்” என்றார் திருச்சிக்காரர். “அந்த ஒரு சுழியை எத்தனையோ தடவை மாத்தி மாத்தி வரைஞ்சேன். சரியா வரலை. யாராவது கண்டுபிடிச்சுக் கேப்பாங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தருமே கேக்கலை. அதுதான் அதைவிடக் கஷ்டமா இருந்துச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “நீங்க வெட்டின ‘ஞ’வை எனக்கு அனுப்புவீங்களா? அதைப் பாத்து நான் திருத்திக்கலாமா?”

ஃப்ளெக்ஸ்காரர் ஏற்கெனவே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, மச்சானுக்கும் தெரியாத அந்த ஃபோல்டரைத் திறந்துகொண்டிருந்தார்.

“என்னங்கம்மா இப்படிக் கேக்கறீங்க?” என்றார். “உங்க எழுத்துதானுங்களே.”